தீர்த்தவாரியில் கேட்ட கேள்வி

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் ஒன்று கவனித்திருப்பீர்கள். அன்றைக்கு அங்கே இட நெருக்கடி மனிதர்களுக்கு மட்டுமல்ல, சுவாமிகளுக்குந்தான். மயிலத்து முருகன், தீவனூர்ப் பிள்ளையார், திண்டிவனத்துச் சீனிவாசப் பெருமாள் என்று ஆரம்பித்து, நூற்றுக்கு மேற்பட்ட மூர்த்திகள் சுற்று வட்டாரத்துக் கோயில்களிலிருந்து புறப்பட்டு வந்து, கடலைப் பார்த்தபடி வரிசையாகக் கொலு வீற்றிருப்பார்கள். ஒரு சுவாமியைத் தரிசித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் இன்னொரு சுவாமியின் பல்லக்குத் தண்டு முதுகில் இடிக்கும்.

அப்படி ஓர் இடி வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றபோதுதான், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். குப்பத்துக்காரர். அன்று கூடை இல்லை. கொசுவம் மடிப்புக் கலையாத பட்டுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம்.

"யம்மா, நீங்கதானே பத்திரிகையிலே விஞ்ஞானமெல்லாம் எழுதறீங்க? ஒரு சங்கதி கேக்கணும். குவாண்டம்னு ஒரு மிஷின் வந்திருக்காமே? அது பேங்குப் பூட்டையெல்லாம் ஒரு நொடியிலே தொறந்துடுமாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் இதே பகுதியில் குவாண்டம் பற்றி நான் எழுதியபோது ஒரு வாசகியாவது ஒரு கார்டு போட்டிருக்கவேண்டுமே! கிடையாது. இங்கே என்னடாவென்றால் கடற்கரையில் பிடித்துக்கொள்கிறார்கள்.

விஷயம் இதுதான். குப்பத்துப் பெண்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு சுய உதவிக் குழு வைத்திருக்கிறார்கள். வாரா வாரம் சேர்த்ததில் பாங்கில் இரண்டு லட்சத்துச் சொச்சம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக் காலம் அல்லவா? அந்த இரண்டு மாதம் அடுப்பு எரிவதற்கும், அது முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பணம் கட்டுவதற்கும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். இந்த நேரம் பார்த்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்து, கைபேசியில் ஒரு படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார். தங்க நிறத்தில் சரவிளக்கு மாதிரி ஒரு யந்திரம் தொங்குகிறது. "இதுதான் குவாண்டம். உலகத்திலே இனி எந்த பாங்கும் பத்திரமில்லை. பணத்தை எடுத்து எங்களிடம் கொடுங்கள், தங்கக் காசாக மாற்றித் தருகிறோம்" என்பது அவர் உபதேசம்.

"வெள்ளிக்கிழமை குழுவு கூடுது. அதுக்குள்ளே சொல்லிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா கூட்டத்தில் மறைந்து போனார்.

பதினைந்து வீட்டு அரிசிப் பானை என் பதிலைக் காத்துக்கொண்டிருக்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? இரண்டு நாள் உட்கார்ந்து, புதிய செய்திகளையெல்லாம் ஒரு தடவை திரும்பப் படித்தேன். பிறகு அக்காவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இஸ்திரிச் சட்டை உங்கள் தெருவுக்கு மட்டும் வராது என்று என்ன நிச்சயம்?

முதலில் அந்த யந்திரம். "ஒரே சமயத்தில் எல்லா விடைகளையும் போட்டுப் பார்த்துவிடும் மாய யந்திரம்" என்று இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர். எனக்கு அந்த வர்ணனையே பிடிக்காது. அது பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யை விட அதிகமாக ஊர் சுற்றும். புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு விதமாகச் சொல்லலாம். நம் கரையில் அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அவற்றின் இரண்டு இடைவெளிகள் வழியாக அலை உள்ளே வருவதைப் பாருங்கள். ஓர் அலையின் மேடும் இன்னோர் அலையின் மேடும் சேரும் இடத்தில் தண்ணீர் எகிறும். மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, அங்கே அலையே வராதது போல் தண்ணீர் அடங்கிக் கிடக்கும்.

சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் இருப்பவை சின்னச் சின்ன ஸ்விட்சுகள். போட்டது, அணைத்தது என்று இரண்டே நிலை. குவாண்டம் யந்திரத்தில் அந்த ஸ்விட்சுக்குப் பதிலாக க்யூபிட் என்று ஒன்று. அதற்கு இரண்டு நிலைகளும் அலைகளைப் போலக் கலந்து இருக்க முடியும். க்யூபிட்டுகள் கூடக் கூட, கலந்து கிடக்கும் அலைகள் இரட்டை இரட்டையாகப் பெருகும். பத்து க்யூபிட் என்றால் 1024 அலை. இருபது என்றால் பத்து லட்சத்துக்கு மேல். ஆனால் விடை என்னவென்று எட்டிப் பார்த்த கணத்தில் எல்லாம் கலைந்து ஒன்றே ஒன்றுதான் கையில் அகப்படும். அதுவும் எதுவென்று சொல்ல முடியாது. அப்படியானால் என்ன பிரயோஜனம்? பிரயோஜனம் இதில்தான்: பார்ப்பதற்கு முன்னால், தப்பான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிப் போகும்படியும், சரியான விடையின் அலை மட்டும் எகிறி நிற்கும்படியும் கணக்கை அமைக்கவேண்டும். அப்படி அமைப்பது எல்லாக் கணக்குக்கும் முடிவதில்லை. ஒரு சில கணக்குகளுக்குத்தான் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மளிகைக் கணக்குப் போடவோ, சினிமாப் பார்க்கவோ இந்த யந்திரம் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை விட மட்டம்.

வழி கண்ட கணக்குகளில் ஒன்று நம் நாட்டுக்காரர் ஒருவருடையது. மீரட்டில் பிறந்து, டில்லி ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலைக்குப் போன லவ் குரோவர், 1996-ல் தேடும் வேலைக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். ஒழுங்கில்லாமல் கலைந்து கிடக்கும் பத்து லட்சம் சீட்டுகளில் ஒன்றைத் தேட, சாதாரண யந்திரம் சராசரியாக ஐந்து லட்சம் சீட்டுகளைப் புரட்டியாகவேண்டும். குரோவர் முறையில் ஆயிரம் தடவைக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்றுதான் பூட்டுச் சமாசாரம். 47-ஐ 59-ஆல் பெருக்குங்கள் என்றால் காகிதமும் பென்சிலும் இருந்தால் அரை நிமிஷம். 2773 என்று வரும். ஆனால் "எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 2773 வரும்?" என்று யாராவது திருப்பிக் கேட்டால், குழம்பு பொங்கி வழிகிற வரை யோசிக்கவேண்டியதுதான். பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம். இந்த ஒருவழிப் பாதைதான் ஆர்.எஸ்.ஏ. என்கிற பூட்டு. அதில் உபயோகிக்கும் எண் நாலு இலக்கம் அல்ல, 617 இலக்கம். பூமியில் உள்ள சாதாரணக் கம்ப்யூட்டர்களையெல்லாம் சேர்த்து உட்கார வைத்தாலும் நம் ஆயுளில் பிரித்து முடிக்காது. 1994-ல் அதே பெல் ஆராய்ச்சிசாலையிலிருந்த பீட்டர் ஷோர், நல்ல குவாண்டம் யந்திரம் ஒன்று இருந்தால் இதைச் சீக்கிரமே பிரித்துவிடலாம் என்று காகிதத்தில் நிரூபித்தார். அன்றையிலிருந்து பூட்டுச் செய்கிறவர்களுக்கெல்லாம் தூக்கம் கொஞ்சம் குறைவுதான்.

ஆக, இஸ்திரிச் சட்டைக்காரர் சொன்னது முழுக்கக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். "நல்ல யந்திரம் ஒன்று இருந்தால்" என்கிற வாக்கியத்தை அவர் விழுங்கிவிட்டார், அவ்வளவுதான். விஞ்ஞானிகள் இப்போது ராப்பகலாக மல்லாடுவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

க்யூபிட் மாதிரிச் சொகுசுப் பேர்வழி உலகத்தில் கிடையாது. கொஞ்சம் சூடு பட்டால் கெட்டுப்போகும். கொஞ்சம் அதிர்ந்தால் கெட்டுப்போகும். யாராவது பார்த்தாலே கெட்டுப்போகும். சட்டைக்காரர் காட்டிய தங்கச் சரவிளக்கு இருக்கிறதே, அது கணக்குப் போடுகிற யந்திரமே அல்ல, ஐஸ் பெட்டி! சாதாரண ஐஸ் பெட்டி அல்ல. நட்சத்திரங்களுக்கு நடுவிலுள்ள வெட்டவெளியின் குளிரை விட நூறு மடங்குக்கு மேல் குளிரான இடம் அதன் அடியில் இருக்கிறது. நகக்கண் அளவுள்ள சில்லு ஒன்று அந்த அடிமுனையில் உட்கார்ந்திருக்கிறது. சித்திரை மாசத்துப் புதுச்சேரியில் ஃபேனுக்கு அடியிலேயே நமக்கு முடியவில்லை. அதற்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

இத்தனை சீராட்டியும், இன்றைய நல்ல க்யூபிட் கூட ஏறக்குறைய ஆயிரம் காரியத்துக்கு ஒரு தடவை தப்புச் செய்கிறது. ஷோர் கணக்குக்குக் கோடானு கோடி காரியங்களைத் தப்பில்லாமல் செய்யவேண்டும். பெருக்கலில் ஆயிரத்துக்கு ஒரு தப்பு என்றால் விடை எந்த லட்சணத்தில் வரும்?

இங்கேதான் எனக்கு மாசி மகத்துப் பல்லக்கு ஞாபகத்துக்கு வந்தது. பல்லக்கை ஒருவர் தூக்குவதில்லை; பலர் தூக்குகிறார்கள். ஒருவருக்கு மணலில் கால் புதைந்தாலும் மற்றவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். விஞ்ஞானிகளின் உபாயமும் அதேதான். ஒரு விவரத்தை ஒரே க்யூபிட்டில் வைக்காமல், பல க்யூபிட்டுகளின் தோளில் ஏற்றி விடுவது. ஆனால் ஒரு சிக்கல். திரைக்குள் இருக்கும் சுவாமியை எட்டிப் பார்க்கக் கூடாது; பார்த்தால் கணக்கு கலைந்துவிடும். பார்க்காமல், சுவாமி சாய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்துப் பக்கத்துத் தோள்காரர்களை மட்டும் கேட்கிறார்கள்: "உங்கள் இருவர் தோளும் ஒரே மட்டமா, இல்லையா?" இந்த ஆம்-இல்லைப் பதில்களை வைத்தே யார் தடுக்கினார் என்று ஊகித்துத் தூக்கி நிறுத்தி விடுகிறார்கள். இதற்கென்றே கேள்வி கேட்கும் க்யூபிட்டுகள் தனியாக நடுநடுவே நிற்கின்றன.

"ஆள் அதிகமானா தடுக்கறவனும் அதிகமாவானே?" என்றார் அக்கா. அப்படிக் கேளுங்கள்! இதே கேள்விதான் முப்பது வருஷமாக விஞ்ஞானிகளைக் குடைந்தது. தூக்குகிறவர்கள் ரொம்பத் தத்துப்பித்து என்றால், ஆளைக் கூட்டக் கூட்டக் குழப்பம்தான் கூடும். ஓரளவுக்கு மேல் தேறியவர்கள் என்றால், ஆளைக் கூட்டக் கூட்டப் பல்லக்கு நிதானப்படும். அந்த எல்லைக்கோட்டைத் தாண்டினோமா என்பதுதான் கேள்வி. 2024 டிசம்பரில் கூகிள் நிறுவனம், 'வில்லோ' என்று 105 க்யூபிட்டுகள் உள்ள ஒரு சில்லை வெளியிட்டது. அதில் முதலில் மூன்றுக்கு மூன்று, பிறகு ஐந்துக்கு ஐந்து, பிறகு ஏழுக்கு ஏழு என்று புள்ளிக் கோலம் மாதிரிக் கட்டம் கட்டிச் சோதித்தார்கள். ஒவ்வொரு படியிலும் தப்பு பாதிக்குக் கீழே இறங்கியது. எல்லைக்கோட்டைத் தாண்டியாகிவிட்டது! இந்தத் துறையில் நான் படித்த செய்திகளுக்குள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான்.

ஆனால் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டது வேறு. வில்லோ ஐந்து நிமிஷத்தில் போட்ட ஒரு கணக்கைச் சாதாரண யந்திரம் போட ஒன்றுக்குப் பின்னால் 25 பூஜ்யம் போட்ட அத்தனை வருஷம் ஆகும் என்றார்கள். அந்தக் கணக்கு யாருக்கு என்ன உபயோகம் என்று கேட்டால், ஒருவருக்கும் ஓர் உபயோகமும் இல்லை. யந்திரத்துக்குக் கஷ்டமாக இருக்கவேண்டும் என்பதற்காகவே ஜோடித்த கணக்கு அது. மேலே சொன்ன ஏழுக்கு ஏழு கட்டமும் சுமார் எழுநூறு சுற்றுக்கு ஒரு தடவை தடுக்கத்தான் செய்தது. இன்னும் எவ்வளவோ தூரம் போகவேண்டும்.

எவ்வளவு தூரம்? அதற்கும் கணக்கு இருக்கிறது. ஆர்.எஸ்.ஏ. பூட்டைத் திறக்க இரண்டு கோடி க்யூபிட்டுகளும் எட்டு மணி நேரமும் வேண்டும் என்று கூகிளைச் சேர்ந்த கிரெய்க் கிட்னியும் சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் எக்கெரோவும் 2019-ல் மதிப்புப் போட்டார்கள். 2025 மே மாதத்தில் அதே கிட்னி, பத்து லட்சத்துக்கும் குறைவான க்யூபிட்டுகள் போதும், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும் என்று மறுபடி மதிப்புப் போட்டார். யந்திரம் பெரிதாவதற்கு முன்னால் தேவை சிறிதாகிக்கொண்டே வருகிறது. கவனிக்கவேண்டிய விஷயம் இது. ஆனாலும் 105 எங்கே, பத்து லட்சம் எங்கே! எண்ணிக்கைக்காக ஐ.பி.எம். நிறுவனம் 2023-ல் 1121 க்யூபிட் உள்ள சில்லைச் செய்து காட்டிவிட்டு, இப்போது எண்ணிக்கையை விட்டுத் தரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. தப்பைத் திருத்திக்கொள்ளும் பெரிய யந்திரத்தை 2029-ல் தருவதாக அவர்கள் வாக்கு. கல்யாண மண்டபத்தில் "சாப்பாடு இதோ ஆயிற்று" என்பது போன்ற வாக்கா, நிஜமா என்று 2029-ல் பார்ப்போம்.

சில்லும் ஐஸ் பெட்டியும் ஒரு மார்க்கம்தான். வேறு மார்க்கங்களும் உண்டு. தனித்தனி அணுக்களையே க்யூபிட்டாக வைத்துக்கொண்டு, லேசர் ஒளியால் சாமணம் பிடித்தது போல் பிடித்து அந்தரத்தில் வரிசையாக நிறுத்துவது ஒன்று. 2025-ல் அமெரிக்காவில் கால்டெக் ஸ்தாபனத்தில் இப்படி 6100 அணுக்களைப் பூக்கட்டுவது போல் அடுக்கி நிறுத்திக் காட்டினார்கள். நிறுத்தியதோடு சரி, அவற்றை வைத்துக் கணக்குப் போடுவது இனிமேல்தான்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு பிரெஞ்சுக்காரர்களைச் சொல்லாமல் விட்டால் தோஷம். ஒரு பொருள் அலையாகவும் இருக்கும் என்று 1924-ல் தன் பட்டத்துக்கான ஆராய்ச்சியில் எழுதியவர் லூயி தெ ப்ரோய். க்யூபிட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது மெய்தான் என்று பரிசோதனைகளால் உறுதிப்படுத்தியவர்களில் ஒருவர் அலென் அஸ்பெ. 2022-ல் நோபல் பரிசு. லேசர் சாமண வித்தையில் இறங்கியிருக்கும் 'பாஸ்கல்' கம்பெனியை ஆரம்பித்தவர்களிலும் அவர் உண்டு. கையில் பிடிக்கக் கூடிய ஒரு மின்சாரச் சுற்றிலேயே குவாண்டம் குணம் தெரியும் என்று 1980-களில் காட்டியதற்காக 2025-ல் பௌதிக நோபல் பரிசு பெற்ற மூவரில் மிஷெல் தெவொரே பாரிஸில் பிறந்தவர். பாரிஸில் இன்னொரு கம்பெனி, 'பூனை க்யூபிட்' என்று ஒன்றைச் செய்கிறது. இரண்டு வகைத் தப்புகளில் ஒரு வகையை அதுவே கிட்டத்தட்டத் தடுத்துக்கொள்ளுமாம்; மிச்சத்தை மட்டும் நாம் திருத்தினால் போதும். பூனை என்றதும் அக்கா, "அது வேணாம்மா, மீன் கூடைப் பக்கம் பூனையே ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

நம் தேசத்தில் என்ன நடக்கிறது? 2023 ஏப்ரல் 19-ஆம் தேதி மத்திய மந்திரி சபை 6003 கோடி ரூபாய்க்குமேல் ஒதுக்கி, தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. எட்டு வருஷத்தில் 50 முதல் 1000 க்யூபிட் வரை உள்ள யந்திரங்களை இங்கேயே செய்யவேண்டும் என்பது இலக்கு. யந்திரம் செய்கிற பொறுப்பு பெங்களூர் ஐ.ஐ.எஸ்.ஸிக்கு, ரகசியச் செய்தி அனுப்புகிற பொறுப்பு நம் சென்னை ஐ.ஐ.டி.க்கு. 2024 ஆகஸ்டில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி ஸ்தாபனமும், ராணுவ ஆராய்ச்சியைச் சேர்ந்த பூனா சோதனைச்சாலையும், டி.சி.எஸ். கம்பெனியும் சேர்ந்து ஆறு க்யூபிட் யந்திரம் ஒன்றை முழுக்கச் சோதித்து ஓட்டினார்கள். 2025 ஏப்ரலில் பெங்களூர்க் கம்பெனி ஒன்று 25 க்யூபிட் யந்திரத்தை அறிவித்தது. 'பூ, ஆறுதானா!' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். சில்லு, அதை ஆட்டி வைக்கும் கருவி எல்லாவற்றையும் நம் பிள்ளைகளே செய்து ஓட்டினார்கள் என்பதுதான் அதில் விசேஷம். தரமணியில் கணித விஞ்ஞானக் கழகம் என்று ஒன்று 1962 முதல் இருக்கிறதே, அங்கே ஆர். சைமன் என்பவர், ஒளிக் கற்றைகள் இரண்டு பின்னிக்கொண்டிருக்கின்றனவா இல்லையா என்று கண்டுபிடிக்க 2000-த்தில் ஒரு விதி தந்தார். உலகம் பூராவும் அதை உபயோகிக்கிறார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும் நமக்கு அது தெரிவதில்லை.

சென்னைப் பிள்ளைகள் பார்க்கிற ரகசியச் செய்தி வித்தையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் போட்ட மாக்கோலம் ஈரமாக இருக்கையில் யாராவது மிதித்தால் தடம் விழுமல்லவா? அதுபோல, ஒளியை ஒவ்வொரு துளியாக அனுப்பிச் சாவியைக் கொடுத்தால், நடுவில் யார் எட்டிப் பார்த்தாலும் தடம் விழுந்துவிடும். அருமையான வித்தை. ஆனால் அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும், தூரமும் ஒரு பிரச்னை. சர்க்காருக்கும் ராணுவத்துக்கும் அது சரி, மீன்கூடைக்கு ஆகாது.

நமக்கு உபயோகப்படப் போவது வேறு பூட்டு. குவாண்டம் யந்திரம் இன்னும் வரவில்லை. ஆனால் வந்தாலும் திறக்க முடியாதபடி கணக்கிலேயே புதுப் பூட்டுகள் செய்துவிட்டார்கள். உலகத்து நிபுணர்கள் பலர் எட்டு வருஷம் போட்டி போட்டு, ஒருவர் பூட்டை ஒருவர் உடைத்துப் பார்த்து, கடைசியில் தேறியவற்றில் மூன்றை 2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி அமெரிக்காவின் தர நிர்ணயக் கழகம் வெளியிட்டது. பழைய பூட்டுகளை 2035-க்குள் கழற்றிவிடவேண்டும் என்பது அவர்கள் திட்டம். கைபேசிகளிலும், இணையம் பார்க்கும் குரோம் போன்றவற்றிலும் இந்த ஜாதிப் பூட்டு சத்தமில்லாமல் ஏற்கனவே மாட்டியாகிவிட்டது. உங்கள் கைபேசியிலும் இருக்கலாம். பூட்டு மாற்றியதற்கு நாதஸ்வரம் வாசிப்பார்களா என்ன?

"அப்ப அவசரமே இல்லேங்கறீங்களா?" என்று கேட்டார் அக்கா. அப்படியும் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ரஷ்யர்கள் சங்கேதத்தில் அனுப்பிய தந்திகளை அமெரிக்கர்கள் புரியாமலே பிரதி எடுத்து வைத்தார்கள். 1943-ல் ஆரம்பித்த அந்த வேலையை 1980 வரை விடவில்லை. ரஷ்யர்கள் சாவித் தாளை இரண்டு தடவை உபயோகித்த அஜாக்கிரதையால், யுத்த காலத் தந்திகள் பல வருஷம் கழித்துப் படிக்கப்பட்டன. இன்றைக்கும் அதே காரியத்தை யாராவது செய்யலாம். பூட்டிய பெட்டியை இன்றே திருடி வைத்துக்கொண்டு, சாவி வருகிறபோது திறந்துகொள்ளலாம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் இதே ஊரில் தமக்காக எழுதி வைத்த நாட்குறிப்பு, 1846-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு இன்றைக்கு எல்லோரும் படிக்கவில்லையா? எழுத்துக்கு ஆயுள் ஜாஸ்தி.

அதனால் கேட்கவேண்டிய கேள்வி, 'இந்த ரகசியம் எத்தனை வருஷம் ரகசியமாக இருக்கவேண்டும்?' என்பதே. பாங்கு ரகசிய எண் நாளைக்கே மாற்றக்கூடியது. பத்து வருஷம் கழித்துத் திருடன் அதைத் தெரிந்துகொண்டால் நாக்கை வழிக்கவா? ஆனால் ஒரு பெண்ணின் ஆஸ்பத்திரிக் குறிப்பு, கைரேகை, கண்மணியின் படம், இவற்றை மாற்ற முடியாது. அவை ஆயுள் பூராவும் பூட்டில் இருக்கவேண்டியவை. என் கவலையெல்லாம் அவற்றின் மேல்தான், இரண்டு லட்சத்தின் மேல் அல்ல. இந்த மாதிரிக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் பூட்டை மாற்றுகிறார்களா என்று நாம் கேட்பதற்கு நேரம் வந்துவிட்டது. ஏனென்றால் பெரிய ஆபீஸ்களில் பூட்டு மாற்றுவதற்குப் பல வருஷம் பிடிக்கும். எங்கெங்கே பூட்டு இருக்கிறது என்று எண்ணி முடிப்பதற்கே ஒரு வருஷம் போய்விடும்.

நல்லது எதுவுமே செய்யாதா இந்த யந்திரம் என்று கேட்பீர்கள். செய்யும் என்று நம்புகிறார்கள். பூட்டு உடைப்பதற்காக யாரும் இதை நினைக்கவே இல்லை. அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்டு ஃபெயின்மன் 1981-ல் இதைப் பற்றிப் பேசியபோது, இயற்கையின் நடத்தையை அதே குணமுள்ள யந்திரத்தால் கணக்கிட வேண்டும் என்பதுதான் யோசனை. உளுந்துச் செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள், சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் கிருமிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே உரமாக்கி விடுகின்றன. நாம் அதையே செய்ய ஃபாக்டரியில் நானூறு டிகிரிச் சூடும் நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் வேண்டியிருக்கிறது. கிருமிக்குள் இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த ஒரு சின்ன அணுக் கூட்டம் அந்த வேலையைச் செய்கிறது என்று தெரியும். எப்படிச் செய்கிறது என்பது இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அடங்காத கணக்கு. தப்பில்லாத குவாண்டம் யந்திரம் வந்தால் முதலில் போட வேண்டிய கணக்குகளில் இதுவும் ஒன்றென்று வரிசையில் வைத்திருக்கிறார்கள். புது மருந்து, புது பாட்டரி என்று அந்த வரிசை நீளும். அதற்கும் பல்லக்கு முதலில் சாயாமல் நடக்கவேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா கொஞ்ச நேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மிஷினு இன்னும் நடக்கப் பழகற கொழந்தைன்னு சொல்லுங்க" என்றார். அதை விடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வரவில்லை.

கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினேன். 2020-லிருந்து, ஒரு பாங்கு முழுகிப் போனாலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை போட்ட பணத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. இஸ்திரிச் சட்டைக்கு அப்படி ஏதாவது உண்டா என்று கேட்கும்படி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்ன நடந்தது என்று சனிக்கிழமை காலை வாசலில் கூடையை இறக்கியதும் சொன்னார். பதினைந்து பேரில் இரண்டு பேர் பணத்தை எடுத்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்களாம். அவர்கள் பங்கை மட்டும் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்து, கடைசியில் அவர்களே வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். சட்டைக்காரரிடம் இன்ஷூரன்ஸ் விஷயத்தைக் கேட்டதற்கு, அடுத்த வாரம் காகிதத்தோடு வருவதாகச் சொல்லிப் போனவர், ஃபோனை எடுப்பதில்லையாம்.

"அப்புறம் பேங்குக்கும் போனோம்மா, நாலு பேரு. புதுப் பூட்டு எப்பங்க மாத்துவீங்கன்னு மானேஜரைக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"முழிச்சாரு. மேலே எழுதிக் கேக்கறேன்னாரு. திங்கக்கிழமை மறுபடி போறோம்" என்றவர், கூடையைக் கிளறி, "வவ்வாலு இருக்கு, நல்லா இருக்கும். அரைக்கிலோ போடவா?" என்றார்.